திருகோணமலையில் வறிய ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கென்று பணம் அனுப்பினால், பாடசாலை அதை எதற்குச் செலவழிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் இலண்டனில் இருக்கிறார். தன் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு ‘பியூப்பில் பிரீமியம்’ என்ற பெயரில் வறிய பிள்ளைகளுக்காகத் தனி நிதி வருவதைப் பார்த்திருக்கிறார். அவருடைய பழைய மாணவர் சங்கம் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு சிறிய பாடசாலைக்கு வருடாவருடம் பணம் அனுப்பப் போகிறது. அதையும் அப்படிச் செலவிடலாமா என்பது கேள்வி. நான் இந்த மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூதூர்ப் பக்கமும் படிப்பித்திருக்கிறேன், நகரத்திலும் படிப்பித்திருக்கிறேன்.

செலவிடலாம். பெரும்பங்கை ஓர் ஆளுக்குக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாமல் தரம் 3க்கு வந்துவிட்ட பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து படிப்பிக்கிற ஓர் ஆளுக்கு. நான் சொல்ல வந்தது இதுதான்.

கொப்பி, புத்தகப்பை, சப்பாத்து என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பாடப்புத்தகம் 1980இலிருந்து இலவசம். சீருடைத்துணி 1993இலிருந்து இலவசம். ஆரம்பப் பிரிவுக்கு மதிய உணவுத் திட்டம் இருக்கிறது. 2025இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணம் வாங்க 6,000 ரூபாவும் கொடுத்தார்கள். இது எல்லாம் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருடத் தொடக்கத்தில் பை கொடுக்கப் பல கைகள் நீளும். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று பை கிடைப்பதும் உண்டு. அந்தப் பையைத் திறந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அதைச் சரிப்படுத்தத்தான் யாரும் பணம் தருவதில்லை.

இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. நிறையப் பிள்ளைகள் பாடத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தைத் திறந்ததும் படத்தைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுங்கள், அப்போது தெரிந்துவிடும். அ, ஆ தெரியும், க, ங, ச தெரியும். உயிர்மெய்யில் கொம்பும் காலும் சேர்ந்து வரும்போது நின்றுவிடுவார்கள். கெ, கே, கொ, கோ நான்கும் அவர்களுக்கு ஒரே எழுத்து. தரம் 2க்குள் தீர்ந்திருக்க வேண்டிய இந்தத் தடை தீராமல் போனால், தரம் 3இல் கணிதத்திலும் சுற்றாடலிலும்கூடப் பிள்ளை பின்னுக்குப் போய்விடும். கேள்வியையே வாசிக்க முடியாதே!

வகுப்பாசிரியர் ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. அவர் நாலு பிள்ளைகளோடு தனியாக உட்கார்ந்தால் மற்ற எல்லாரும் சும்மா இருக்க வேண்டும். அதனால்தான் இன்னொரு ஆள் வேண்டும் என்கிறேன். ஊரிலேயே உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் பலர். பொறுமையும் தெளிவான உச்சரிப்பும் உள்ள ஒருவரை எடுத்து, அனுபவமுள்ள ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவரைக் கொண்டு பழக்கிவிட்டால் போதும். நாலு அல்லது ஐந்து பிள்ளைகள் ஒரு குழு. தினமும் அரை மணித்தியாலம். எழுத்தட்டை, சின்னச் சின்னக் கதைகள், அப்புறம் பிள்ளை வாயால் சொன்னதையே எழுதி அவனையே வாசிக்க வைப்பது. கடலுக்குப் போகும் அப்பாவைப் பற்றித் தான் சொன்ன வசனத்தைத் தானே வாசிக்கும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி மாறும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆளை வகுப்பில் ‘உதவிக்கு’ என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் பியூப்பில் பிரீமியம் நிதி 2011இல் தொடங்கியது. அதே வருடம் தொடங்கிய எஜுகேஷன் என்டோவ்மென்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு, எந்தச் செலவு எவ்வளவு பயன் தருகிறது என்று தொடர்ந்து ஆராய்ந்து வெளியிடுகிறது. பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் உதவியாளரை ஒரு திட்டமும் இல்லாமல் இருத்தி வைத்தால் பயன் குறைவு, பயிற்சி பெற்றவர் சிறு குழுவை ஒழுங்கான நேர அட்டவணையோடு எடுத்தால் பயன் தெரிகிறது என்பது அவர்கள் சொல்வதில் முக்கியமான ஒன்று. என் கண்ணால் கண்டதும் அதுதான்.

கொடுப்பனவில் கை இறுக்க வேண்டாம். இலங்கையில் 2026 ஜனவரியிலிருந்து தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்குக் குறையாமல் கொடுங்கள். ‘அரை நாள் வேலைதானே’ என்று குறைத்தால் அவர் சீக்கிரமே டவுனில் கடை வேலைக்குப் போய்விடுவார், பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த நிதியில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு 2025-26இல் 1,515 பவுண் ஒதுக்கினார்கள். அந்த ஒரு பிள்ளையின் பணத்தில் இங்கே ஒருவருக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்தாலும் மிச்சம் வரும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பணம் அனுப்பியதும் தரம் 5க்கு மேலதிக வகுப்பு, மாதிரி வினாத்தாள் என்று கேட்பார்கள். பெற்றோரும் கேட்பார்கள், பாடசாலையும் கேட்கும். பெறுபேறு வந்ததும் பதாகை கட்டலாம் அல்லவா. அந்தப் பரீட்சை வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கத்தான் வந்தது. ஆனால் மேலதிக வகுப்பால் பயன் பெறுவது ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான், அவர்களில் பலர் ரியூசனுக்கும் போகிறவர்கள். வறியவர்களுக்கென்று வந்த பணம் அந்தப் பக்கம் போவதை நான் ஏற்கமாட்டேன். படிப்பிக்கும் செலவு தரம் 1, 2, 3க்கு மட்டும்தான் என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு சிறு தொகையை அதிபரும் வகுப்பாசிரியரும் உடனே எடுத்துச் செலவழிக்கிற மாதிரி வையுங்கள். எதற்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. உதாரணமாக, தரம் 1இலும் 4இலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். கண்ணில் குறை என்று தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுப்பார்கள். வெருகலிலிருந்தோ ஈச்சிலம்பற்றிலிருந்தோ திருகோணமலைக்கு வந்து போனால் கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் உழைப்புப் போய்விடும். அதற்குமேல் பஸ் காசு, கண்ணாடிக் காசு. துண்டு அப்படியே அலுமாரியில் கிடக்கும், பிள்ளை கரும்பலகை தெரியாமல் ‘மெல்லக் கற்கும் பிள்ளை’ என்று பெயர் வாங்கும். சில ஆயிரம் ரூபாவில் தீருகிற விஷயம் இது. மாரி காலமும் அப்படித்தான். வாடைக் காற்று தொடங்கினால் கடல் தொழில் படுத்துவிடும், வயல் பக்கம் வெள்ளம் நிற்கும், வரவு இடாப்பில் வராத பிள்ளைகளுக்குப் போடும் சிவப்புக் கூடிக்கொண்டே போகும். போகிற வழியும் ஒரு காரணம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். மழை நாளில் பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த மாதங்களில் ஓட்டோ காசு கொடுத்தாவது பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டி வரலாம்.

யார் ‘வறிய பிள்ளை’? இங்கிலாந்தில் கடந்த ஆறு வருடத்தில் எப்போதாவது இலவச உணவுக்குத் தகுதி பெற்றிருந்தாலே கணக்கில் வரும். பணத்தை அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இங்கே அஸ்வெசும பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால் வீடு பார்க்கக் கல்வீடாக இருக்கலாம், பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. இதெல்லாம் வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள். பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்க வேண்டாம், தயவுசெய்து. ஏழு வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு.

கணக்கு கேட்பதில் தயக்கம் வேண்டாம். பணம் தனியாள் கணக்குக்குப் போகாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், பற்றுச்சீட்டு வரட்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பாடசாலையும் இந்த நிதியை எப்படிச் செலவிடுகிறது என்று தன் இணையத்தளத்தில் போட வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் போதும்: எத்தனை பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள், தவணைத் தொடக்கத்தில் என்ன வாசித்தார்கள், முடிவில் என்ன வாசிக்கிறார்கள். பெயர் தேவையில்லை.

ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் ஆளை எடுக்கச் சொல்லாதீர்கள், கண்ணாடிக்கும் பஸ்ஸுக்கும் கொடுங்கள். மூன்று வருடம் அனுப்ப முடியும் என்று சங்கம் உறுதியாக இருந்தால், மூன்றாம் தவணை முடிவதற்குள் அதிபரோடு பேசிவிடுங்கள். ஆளைத் தேடிப் பழக்க அந்த டிசம்பர் விடுமுறை தேவைப்படும்.