புதிய ஹீரோவுக்குப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும்?

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஐவரும் விடுதி நண்பர்கள். இரவில் ஒன்றாக, ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கணினி விளையாட்டான ‘டோட்டா 2’ ஆடுகிறோம். புதிய ஹீரோ வெளிவந்ததும் எங்களில் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார். மற்ற நால்வரும் அவரவருக்குக் கைவந்த ஹீரோவையே எடுக்கிறோம். யாரும் மோசமாக ஆடுவதில்லை, ஆனாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். புதிய ஹீரோவைச் சுற்றி வலுவான அணியை எப்படி அமைப்பது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தவறு எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிடுகிறது. நால்வரும் அவரவருக்குக் கைவந்ததை எடுக்கும்போது, புதிய ஹீரோ தொடங்கிவைக்கும் வேலையை முடிப்பதற்கு அணியில் ஆள் இல்லாமல் போகிறது. புதிய ஹீரோவின் திறன்களைப் படித்ததும் நாம் பெரும்பாலும் அவரால் என்னென்ன முடியும் என்றுதான் பேசிக்கொள்கிறோம். அணி அமைக்கிறவர் அதற்கடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: அவர் தன் திறன்களையெல்லாம் பயன்படுத்தி முடித்த பிறகும் எதிரி உயிரோடு இருந்தால், அந்த எதிரி எந்த இடத்தில், எந்த நிலையில், எத்தனை விநாடி நிற்பார்?

2019 மார்ச்சில் வெளிவந்த மார்ஸ் என்ற ஹீரோவை எடுத்துக்கொள்வோம். இன்று அவர் பழைய ஹீரோதான். எனினும், ஒரு ஹீரோவைச் சுற்றி அணி எப்படி உருவாகிறது என்பதை அவரை வைத்து விளக்குவதுபோல் வேறு யாரையும் வைத்து விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய ஈட்டி, தான் முதலில் தைக்கும் எதிரி ஹீரோவைத் தள்ளிக்கொண்டு போய், வழியில் மரமோ சுவரோ கட்டடமோ குறுக்கிட்டால் அதில் அறைந்து நிறுத்திவிடும். கேடயத்தால் ஓங்கி அடித்து எதிரிகளைப் பின்னுக்குத் தள்ளுவார். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் விழும் அடிகளின் வலுவைப் ‘புல்வார்க்’ என்ற திறன் குறைத்துவிடும். இவை அனைத்துக்கும் மேலே நிற்பது ‘அரீனா ஆஃப் பிளட்’ என்ற அல்டிமேட், அதாவது அவருடைய மிக வலுவான திறன். வட்டமாக ஒரு களம் எழும்பும். உள்ளே சிக்கிய எதிரிகள் நடந்து வெளியேற முடியாது. விளிம்பை நெருங்கினால் அங்கு நிற்கும் வீரர்களின் ஈட்டிகள் குத்தி உள்ளே தள்ளும். வெளியில் நிற்கும் எதிரிகள் எய்யும் அம்புகளும் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வராது.

இப்போது மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மார்ஸ் எதிரிகளைக் கட்டிவைப்பதில் வல்லவர், ஆனால் அடைபட்ட இரண்டு மூன்று பேரையும் சில விநாடிகளுக்குள் தனியாகக் கொன்று முடிக்கும் வலு அவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, ஒரு சிறிய வட்டத்துக்குள் தொடர்ந்து சேதம் கொட்டக்கூடியவர்தான் அவருக்கு முதல் துணை. ஜக்கிரோ என்ற ஹீரோ தன் நெருப்புப் பாதையை அந்த வட்டத்தின் குறுக்கே போட்டால் உள்ளிருப்பவர்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. ஸ்னாப்ஃபயர் தொலைவிலிருந்தபடியே நெருப்பு உருண்டைகளை உள்ளே எறியலாம். ஃபீனிக்ஸோடு சேரும்போது இந்த இணைவு இன்னும் அழகாகிறது. ‘சூப்பர்நோவா’வில் ஃபீனிக்ஸ் முட்டையாக மாறிவிடும், எதிரிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடித்து அதை உடைக்காவிட்டால், அது வெடித்துச் சுற்றியிருப்பவர்களை முடக்கிவிட்டு மீண்டும் உயிரோடு எழும். திறந்த வெளியில் அந்த முட்டையைத் தூரத்திலிருந்தே எய்து உடைத்துவிடுவார்கள். களத்துக்குள் இருக்கும்போது வெளியில் நிற்கும் எதிரியின் அம்பு அதை எட்டுவதே இல்லை. மார்ஸின் சுவர் ஃபீனிக்ஸின் பலவீனத்தை மூடுகிறது, ஃபீனிக்ஸின் வெப்பம் மார்ஸின் குறையை நிரப்புகிறது. பொருத்தம் என்று நான் சொல்வது இப்படி இரண்டு பக்கமும் பயன் தருவதைத்தான்.

அடுத்து கேரியை, அதாவது தங்கமும் பொருளும் சேர்த்து ஆட்டத்தின் பிற்பகுதியில் பெருஞ்சேதம் தருபவரைப் பற்றிச் சொல்கிறேன். எதிரி ‘பிளாக் கிங் பார்’ என்ற பொருளைப் பயன்படுத்தினால் மந்திரச் சேதம் பெரிதும் வலுவிழக்கும் என்பதால், நெருப்பை மட்டும் நம்பியிருக்கும் அணி ஆட்டத்தின் பிற்பகுதியில் தடுமாறும். அம்பால் அடிக்கும் ட்ரோ ரேஞ்சர் போன்ற ஒருவர் இருந்தால் அந்தக் கவலை குறைகிறது. எதிரி ஹீரோ அருகே வந்துவிட்டால் ட்ரோவின் முக்கியத் திறன் வேலை செய்யாது. மார்ஸ் எதிரிகளைத் தூரத்திலேயே அடைத்துவைப்பதால், ட்ரோ களத்துக்கு வெளியே நின்று நிதானமாக எய்யலாம்.

தங்கம் மிகக் குறைவாகப் பெறும் ஐந்தாவது இடத்துக்கு உங்களைப் போன்ற நண்பர் குழுவுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் கிரிஸ்டல் மெய்டன். மார்ஸுக்குத் தொடக்கத்தில் மனா (திறன்களைப் பயன்படுத்தத் தேவையான ஆற்றல்) சீக்கிரமே தீர்ந்துவிடும், அந்தத் தட்டுப்பாட்டை இவருடைய ஆரா (அணியினருக்குத் தானாகக் கிடைக்கும் பலன்) தணிக்கும். இவர் பனியால் கட்டிப்போட்ட எதிரியின் மேல் ஈட்டி தவறுவது அரிது. பனிப்புயல் அல்டிமேட்டும் களத்துக்குள் விழுந்தால் முழுப் பயன் தரும்.

இதற்கு மாறாக, ஒரே வீச்சில் பலரை முடக்கும் அல்டிமேட் உள்ள ஈனிக்மா, டைட்ஹன்டர் இருவரோடு மார்ஸையும் சேர்த்து மூவரையும் ஒரே அணியில் சேர்ப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தாளில் அது பயங்கரமாகத் தெரியும். ஆட்டத்திலோ மூவரும் ஒரே நொடியில் அல்டிமேட்டைப் போட்டுவிட்டு, அடுத்த சண்டைக்கு ஒருவரிடமும் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். சண்டையைத் தொடங்க ஒருவரும், அவர் தவறினால் கைகொடுக்க இன்னொருவரும் இருந்தால் போதும்.

கேள்வி: என் தம்பிக்குப் புதிய ஹீரோ எதுவானாலும் கேரியாகத்தான் ஆட வேண்டும். அவனுக்காக நாங்கள் எல்லா ஃபார்மையும் (தங்கம் ஈட்டும் வாய்ப்பையும்) விட்டுக்கொடுக்கிறோம். அப்படியும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விட்டுக்கொடுப்பதில் தவறு இல்லை, ஆனால் விட்டுக்கொடுத்த தங்கம் தம்பியின் கையில் பயனாக மாற வேண்டுமானால் நேரத்தையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். டோட்டாவில் இடங்களை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவதே தங்கத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதைக் குறிக்கத்தான். எண் ஒன்றில் இருப்பவருக்கு முதல் பங்கு என்றால், ஐந்தில் இருப்பவர் அதிகப் பொருள் இல்லாமலேயே பயன்படக்கூடிய ஹீரோவாக இருக்க வேண்டும். நீங்கள் நால்வரும் பொருள் கேட்கும் ஹீரோக்களையே எடுத்துவிட்டு ஃபார்மை மட்டும் விட்டுக்கொடுத்தால், ஒரு பணக்காரரும் நான்கு ஏழைகளும் உள்ள அணிதான் மிஞ்சும்.

மங்கி கிங் என்ற ஹீரோ 2016 டிசம்பரில் வந்தபோது பலர் செய்தது இதே பிழைதான். அவருடைய ‘ஜிங்கு மாஸ்டரி’ வேலை செய்ய வேண்டுமானால் ஒரே எதிரி ஹீரோவின் மேல் நான்கு அடி விழ வேண்டும். அதன் பிறகே அடுத்த சில அடிகள் பெருஞ்சேதத்தையும் உயிர் உறிஞ்சும் ஆற்றலையும் பெறும். லேனில் (இரு அணிகளும் மோதும் பாதையில்) பக்கத்தில் துணை நிற்கும் சப்போர்ட், எதிரியைக் கட்டிப்போடவோ வேகத்தைக் குறைக்கவோ முடிகிறவராக இருந்தால் அந்த நான்கு அடியும் விழும். இல்லாவிட்டால் இரண்டாவது அடியிலேயே எதிரி ஓடிவிடுவார். குரங்குப் படையை வட்டமாக நிறுத்தும் அல்டிமேட்டும் அப்படித்தான்: எதிரி வட்டத்துக்குள் தங்கினால்தான் பயன். ஆகவே தம்பிக்கு நீங்கள் தர வேண்டியது இரண்டு: அவருடைய லேனில் எதிரியைப் பிடித்துவைக்கும் ஒரு சப்போர்ட், அவர் வளரும் வரை வரைபடத்தின் மறுபக்கத்தில் எதிரிகளின் கவனத்தை இழுக்கும் ஓர் ஆஃப்லேனர் (எதிரிக்குச் சாதகமான பாதையில் ஆடுபவர்). பின்னதைச் செய்கிறவருக்குப் பாராட்டே கிடைப்பதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. தோற்ற ஆட்டத்தில் அவருடைய இறப்புகளைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். அவர் வாங்கித் தந்த நிமிடங்களை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொன்றையும் தம்பியிடம் அன்போடு சொல்லுங்கள். மங்கி கிங்கைக் கேரியாகவும் ஆடினார்கள், நடுப் பாதையான மிட்டிலும் ஆடினார்கள், சப்போர்ட்டாகவும் ஆடினார்கள். எனவே புதிய ஹீரோவை எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவு செய்வதற்கு முன்பே மற்ற நால்வரையும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: டான்பிரேக்கருடன் யாரைச் சேர்க்கலாம்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: 2021 ஏப்ரலில் வந்த இவர், வரைபடத்தில் எங்கிருந்தாலும் நண்பர் நிற்கும் இடத்துக்குப் பறந்து சென்று, அங்கிருப்பவர்களுக்கு உயிரூட்டி, எதிரிகளின் மேல் இறங்குவார். அவர் வந்து இறங்கும் வரை உயிரோடு நிற்கக்கூடிய ஒருவர் தேவை. ஆக்ஸ், சென்டார் போன்றவர்கள் அதற்குப் பொருத்தம். மென்மையான ஹீரோக்களாகவே சேர்த்தால் டான்பிரேக்கர் இறங்குவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

கேள்வி: புதிய ஹீரோவின் எண்கள் ஒவ்வொரு பேட்சிலும் (விளையாட்டின் புதுப்பிப்பிலும்) மாறுகின்றன. போட்டிகளுக்கான கேப்டன்ஸ் மோடிலும் உடனே சேர்ப்பதில்லை. அப்படியிருக்க, முதல் வாரத்திலேயே அவரைச் சுற்றி அணி அமைத்துப் பழகுவது வீண் உழைப்பு அல்லவா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சேதத்தின் அளவையும், ஒரு திறனை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்க வேண்டிய நேரமான கூல்டவுனையும் மனப்பாடம் செய்தால் வீண்தான், ஏனெனில் அவை நிச்சயம் மாறும். திறனின் வடிவம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. மார்ஸின் எண்கள் எத்தனையோ முறை கூடிக் குறைந்திருக்கின்றன. அவர் வட்டமாக அடைப்பவர் என்பது மாறவில்லை. அதனால் 2019இல் அவரோடு பழகியவர்களின் அறிவு இன்றும் செல்லுபடியாகிறது.

அதே நேரத்தில், ஒரு ஹீரோவின் இடம் இதுதான் என்று எவரும் இறுதியாகச் சொல்லிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் ஷாங்காயில் நடந்த டோட்டா 2 உலகப் பட்டப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ போட்டியில் ஓஜி அணியினர், பிறருக்கு உயிரூட்டும் சப்போர்ட்டாகவே பெரும்பாலும் அறியப்பட்டிருந்த ஐஓவைக் கேரியாக ஆடினார்கள். முந்தைய ஆண்டும் பட்டம் வென்றிருந்த அவர்கள், இறுதிப் போட்டியில் லிக்விட் அணியை 3–1 என்று வென்று, அந்தப் பட்டத்தை இருமுறை பெற்ற முதல் அணியானார்கள். பல ஆண்டுகள் பழகிய ஹீரோவுக்கே அப்படி ஒரு புது வேலை ஒளிந்திருந்தது என்றால், நேற்று வந்தவரை ஒரே வாரத்தில் மதிப்பிட்டு ஒதுக்குவது நியாயமாகாது.

முதல் வாரத்தில் தரவரிசையைத் தீர்மானிக்கும் ரேங்க் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். ஹீரோவை எடுப்பவர் முதலில் பயிற்சிக்கான டெமோவில் தனியாக ஒரு மணி நேரம் செலவிடட்டும். பிறகு ஐவரும் தனி லாபியில் கூடி, ஒருவரின் திறன் முடிகிற நொடியில் அடுத்தவரின் திறன் தொடங்குகிறதா என்று திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். இருவர் ஒரே எதிரியை ஒரே நேரத்தில் முடக்கினால் ஒருவரின் முடக்கம் வீணாகிறது. அதைத் தவிர்க்க, அல்டிமேட்டைப் போடுபவர் ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, மற்றவர்கள் அவர் சொன்ன வரிசையில் தொடர வேண்டும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைப் பார்க்கும்போது, புதிய ஹீரோவை ஆடியவரின் திரையை விட்டுவிட்டு, அவர் பாய்ந்த நொடியில் மற்ற நால்வரும் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் ஒவ்வொரு சண்டையிலும் குறித்துக்கொள்ளுங்கள்.