பார்க்குக்கு நிதி கேக்கறதுக்கு முன்னாடி அந்த எடம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க

“எங்க காலனி பார்க் முள்ளும் குப்பையுமா கெடக்கு, சரி பண்ண கவர்மெண்ட் நிதியோ கம்பெனி நிதியோ கெடைக்குமா, யாருகிட்ட போயி கேக்கணும்?”னு கேட்டிருக்கீங்க.

கெடைக்குமுங்க. நாங்க கோயமுத்தூர்ல துடியலூர் பக்கம் 112 வீடு இருக்கற லேஅவுட். எங்க பார்க்குக்கு ரெண்டு வருசம் அலஞ்சு வாங்குனோம், ஃபைலைத் தூக்கிட்டுத் திரிஞ்சது நானு, அதனால பட்டத வெச்சே சொல்றேன்.

எடுத்த எடுப்புலயே நாங்க ஒரு பெரிய கம்பெனிக்கு லெட்டர் எழுதிட்டோம். போட்டோ எல்லாம் வெச்சு, கொழந்தைங்க ரோட்டுல வெளையாடுறாங்க, வயசானவங்களுக்கு நடக்க எடமில்லன்னு மனசார எழுதுனோம். அவங்களும் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுனாங்க, ஆனா மொதக் கேள்வியே “இந்த எடம் யாருதுங்க?”ன்னு தான். பார்க்குனா பொது எடம் தானேன்னு நாங்க நெனச்சிருந்தோம், கையில ஒரு பேப்பர் கெடையாது. அப்படியே திரும்பி வந்தோம்.

நம்ம பக்கம் ரிசர்வ் சைட்டுன்னு சொல்றோம் பாருங்க, அது லேஅவுட் அப்ரூவல் ஆகறப்ப பொது உபயோகத்துக்குன்னு ஒதுக்குன எடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற லேஅவுட்டுன்னா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்தை உள்ளாட்சிக்கு தானப் பத்திரமா ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்கணும். ஆனா பழைய லேஅவுட்டுல ப்ளான்ல பச்சை கலர் அடிச்சு ‘பார்க்’னு போட்டிருப்பாங்க, பத்திரம் பதிவாயிருக்காது, பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்லயே ஓடிட்டு இருக்கும். துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி எல்லாம் 2011ல தான் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, அதுக்கு முன்னாடி பேரூராட்சி, அதனால இந்தப் பக்கம் இருக்கறவங்க பழைய ஃபைலையும் சேத்துத் தேடோணும். நீங்க பண்ண வேண்டியது: லேஅவுட் அப்ரூவல் ப்ளான் காப்பி, அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்.எம்.பி ஸ்கெட்ச் (எடத்தோட அளவு போட்ட சர்வே வரைபடம்), இந்த நாலும் எடுங்க. பட்டாவும் ஸ்கெட்சும் ஆன்லைன்லயே பாத்துக்கலாம். எங்குளுது 42 சென்ட்டுன்னு ப்ளான்ல இருந்துச்சு, சர்வேயரை வெச்சு அளந்தா வடகிழக்கு மூலைல ஒருத்தரு காம்பவுண்ட் நாலடி உள்ள வந்திருந்துச்சு. சண்டை போடல, ஸ்கெட்சைக் கொண்டுபோயி அவரு வீட்டுத் திண்ணைல விரிச்சு வெச்சுக் காமிச்சோம், அவரே ஆள் வெச்சு இடிச்சுக் குடுத்தாரு. பேப்பருக்கு அவ்வளவு மதிப்பு இருக்குதுங்க.

சரி, பணம். காலனி ஆளுங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி நமக்கு நாமே திட்டம் தான். 1997ல ஆரம்பிச்சது, நடுவுல இல்லாம இருந்து 2021ல நகரப் பகுதிக்கும் சேத்து மறுபடி கொண்டுவந்தாங்க. கணக்கு சுலபம், எஸ்டிமேட்ல மூணுல ஒரு பங்கு மக்கள் போடோணும், மிச்சத்தை அரசு போடும். எங்க வார்டு இன்ஜினியர் வந்து பாத்து எஸ்டிமேட் போட்டாரு, நடைபாதை, கம்பி வேலி, போர்வெல், நாலு பெஞ்ச், வெளையாட்டு சாமான் எல்லாம் சேத்து 15 லட்சம். அப்ப நாங்க 5 லட்சம். அதைக் கேட்டதும் மீட்டிங்குல பாதிப் பேரு எந்திரிச்சுட்டாங்க, வரி கட்டறோமில்ல, பொறவு எதுக்கு நாம குடுக்கோணும்னு. அந்தக் கேள்வி ஞாயமானது தான், நான் மறுக்கல. ஆனா கைக்காசு போட்ட எடத்தை மனுசன் பாத்துக்கற மாதிரி சும்மா வந்த எடத்தைப் பாத்துக்க மாட்டான், இதை எங்க தெருவுலயே கண்ணால பாத்துட்டேன்.

வசூல் எப்படிப் போச்சுன்னா, 78 வீடு ஆளுக்கு 3,000, அது 2,34,000 ஆச்சு. பக்கத்துல நூல் மில் வெச்சிருக்கறவரு 2 லட்சம் தனிச்செக்கா குடுத்தாரு. மிச்சம் 66,000 தான் இழுத்துருச்சு, அதுக்கு மட்டும் மூணு மாசம் ஆச்சுங்க. மூணாவது தெருவுல ஒரு ஆத்தா இருக்காங்க, தனியா இருக்காங்க, முதியோர் பென்சன் தான் வருமானம். அவங்க வீட்டைத் தாண்டிப் போயிட்டோம், கேக்க மனசு வரல. கூப்புட்டு நிறுத்தி, முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த ஐநூறு ரூவாயை எடுத்துக் குடுத்து “ஏங்கண்ணு, உக்கார்றதுக்குத் திண்ணையாட்ட ஒண்ணு போடுவீங்களா, இந்த இரும்புப் பெஞ்சு வெயில்ல சுடுது”ன்னு கேட்டாங்க. எங்க ப்ளான்ல நாலும் இரும்புப் பெஞ்சு. அடுத்த நாளே இன்ஜினியர்கிட்ட சொல்லி ரெண்டை எடுத்துட்டு, வேப்பமரத்தடியில சிமெண்ட்டுல திண்ணை கட்டற மாதிரி மாத்துனோம். வீடு வீடாப் போகலன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. வசூலுக்குப் போறப்ப ரசீது புக்கோட ஒரு நோட்டும் எடுத்துட்டுப் போங்க, அவங்க என்ன கேக்கறாங்கன்னு எழுதிக்குங்க.

இன்னொண்ணு, ரசீது இல்லாம ஒத்தை ரூவா வாங்காதீங்க, சங்கத்து பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருந்தே ஆகோணும். சங்கம் இல்லன்னா 1975ஆம் வருசத்து சங்கப் பதிவுச் சட்டத்துல ஏழு பேர் சேந்தாப் போதும், பதிவு பண்ணிக்கலாம்.

கம்பெனி நிதி பத்திக் கேட்டீங்க. 2013 கம்பெனிச் சட்டத்துல 135ஆவது பிரிவு தான் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவு பண்ணோணும்ங்கற விதி. நிகர மதிப்பு 500 கோடியோ, டர்ன்ஓவர் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணோணும். அதுலயும் கம்பெனி இருக்கற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கோணும்னு சட்டத்துலயே இருக்கு. நம்மூர்ல பம்ப், பவுண்டரி, மில், ஐடின்னு கம்பெனிக்குப் பஞ்சமில்ல, அதனால சென்னைக்கு எழுதறத விட உங்க ஏரியாவுக்கு பக்கத்துல எவங்க ஃபேக்டரி இருக்குன்னு பாருங்க. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. பணத்தைக் குடியிருப்போர் சங்கத்து கையில நேராக் குடுக்க அவங்களால முடியறதில்ல, வாங்கற அமைப்புக்கு வருமான வரித் துறைல 12ஏ, 80ஜின்னு சொல்ற பதிவு, மூணு வருச அனுபவம், 2021 ஏப்ரல்ல இருந்து கம்பெனி விவகார அமைச்சகத்துல வாங்கற சி.எஸ்.ஆர்-1 பதிவு நம்பரும் வேணும். சாதாரண காலனி சங்கத்துக்கு இது இருக்காது. அதுக்காக அலைய வேண்டாமுங்க, “பணமாத் தர வேண்டாம், வேலைய நீங்களே ஆள் வெச்சு முடிச்சுக் குடுங்க”ன்னு கேளுங்க, சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. ஏப்ரல், மே மாசமே போயிருங்க, வருசக் கடைசில போனா பட்ஜெட் எல்லாம் ஒதுக்கி முடிச்சிருப்பாங்க.

நாங்க ரெண்டாவது தடவை வேற ஒரு கம்பெனிக்குப் போனோம், இந்தத் தடவை எல்லாப் பேப்பரும் கையில. அந்தக் கம்பெனில இருந்து ஒரு அம்மா பார்க்கை நேர்ல பாக்க வந்தாங்க. கொழந்தைங்க பூங்கொத்தெல்லாம் குடுத்தாங்க, அவங்க அதை வாங்கிட்டு நேரா குழாய்கிட்ட போயித் தெறந்து பாத்தாங்க. காத்துத் தான் வந்துச்சு. “மே மாசம் இந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”ன்னு மட்டும் தான் கேட்டாங்க. போர் போடறதுக்கு நமக்கு நாமேல சேத்திருக்கோம், மோட்டார் கரண்ட் பில்லும் வாரம் ரெண்டு நாள் ஆளும் சங்கத்துச் செலவு, வீட்டுக்கு மாசம் 50 ரூவான்னு தீர்மானம் போட்டு 91 கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம்னு நோட்டைக் காமிச்சோம். செடி, கூண்டு, சொட்டு நீர்க் குழாய் எல்லாம் அவங்க போட்டுக் குடுத்துட்டாங்க. நீங்க எழுதற விண்ணப்பத்துல என்ன இருக்கோ இல்லியோ, வேலை முடிஞ்ச பொறவு யாரு பாத்துக்குவாங்கங்கற பக்கம் ஒண்ணு இருக்கோணும். அது தான் நிதி குடுக்கறவங்க மொதல்ல தேடற பக்கம்.

எம்.பி. நிதி வருசத்துக்கு தொகுதிக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி, ரெண்டுலயும் கேக்கலாம். ஆனா எம்.பி. நிதியில பராமரிப்புக்கெல்லாம் தர மாட்டாங்க, லைட்டு, கட்டடம், சுவர் மாதிரி நிக்கற சமாச்சாரமாக் கேளுங்க. அதுக்கும் இதே நாலு பேப்பர் தான்.

வேலை ஆரம்பிச்சா தெனமும் ஒருத்தராவது அங்க நில்லுங்க. எங்க பார்க்குல நடைபாதைக்கு அடியில மண்ணைக் கெட்டிப்படுத்தாம கல்லு பதிக்கப் பாத்தாங்க, எங்குளுது கரிசல் மண்ணு, மழையில உப்பி வெயில்ல வெடிக்கும், அப்படியே விட்டிருந்தா ஆறு மாசத்துல கல்லெல்லாம் ஆடிப்போயிருக்கும். ரிட்டையர் ஆன மேஸ்திரி அண்ணன் ஒருத்தரு எங்க தெருவுலயே இருக்காரு, அவரு நின்னு பாத்து, கிராவல் கொட்டித் தண்ணி விட்டு ரோலர் ஓட்ட வெச்ச பொறவு தான் கல்லு பதிச்சாங்க.

இப்பப் பொழுதோட போனா திண்ணைல எடம் கெடைக்கறதில்ல. தென்மேக்கு மூலைல மட்டும் இன்னும் இருட்டாக் கெடக்கு, அங்க ரெண்டு லைட்டுக் கம்பம் வேணும்னு எம்.எல்.ஏ. ஆபீஸ்ல போன மாசம் மனு குடுத்திருக்கோம், ஸ்கெட்ச் காப்பியும் சேத்து.