பெரிய கடை வருவதும் பழைய கடை நிற்பதும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஏரியாவில் குடோனும் பட்டறையும் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் உருப்படியான கடை ஒன்றும் இல்லை. பெரிய பிராண்ட் சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்துவிட்டால் பகுதியின் மதிப்பே ஏறிவிடும் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்? – வாசகி, பெரம்பூர்

பதில்: மதிப்பு ஏறுவது இருக்கட்டும், வருகிற கடை நிற்குமா என்று முதலில் பாருங்கள். சிகாகோவில் எங்கிள்வுட் என்று ஒரு பகுதி. அங்கே 63-வது தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சந்திக்கிற முனை ஒரு காலத்தில் ஜேஜே என்று இருந்த கடைவீதி. வேலை போனது, கடைகள் போயின, ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். 1960-ல் ஒரு லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020-ல் 25,000-க்கும் கீழே. அந்த முனைக்கு மறுபடி உயிர் கொடுக்க நகர நிர்வாகம் ஒரு கோடி டாலருக்கு மேல் போட்டு இடத்தைத் தயார் செய்தது. 2016 செப்டம்பரில் ஹோல் ஃபுட்ஸ் அங்கே கடை திறந்தது. ஆர்கானிக் சரக்குக்குப் பேர்போன, விலை கூடுதலான கம்பெனி. முயற்சியில் குறை சொல்ல முடியாது. சில சாமான்களுக்கு விலையைக் குறைத்தார்கள், அந்தப் பகுதி ஆட்களை வேலைக்கு வைத்தார்கள், அங்கேயே சிறுதொழில் செய்பவர்களின் சரக்கையும் அடுக்கி விற்றார்கள். இருந்தும் 2022 நவம்பரில் மூடிவிட்டார்கள். அதே 63-வது தெருவில் கொஞ்சம் தள்ளி ஆல்டி என்கிற மலிவு விலைக் கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலியான இடத்தில் அடுத்த கடை 2024-ல்தான் வந்தது, அதற்கும் "எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா" என்று குடியிருப்பவர்கள் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். நகர நிர்வாகத்தார் கடையின் பெயரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள், அங்கே இருக்கிறவர்கள் வாரத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதைக் கடைசியில் வைத்துவிட்டார்கள்.

அதனால் நீங்கள் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். சங்கத்தில் நாலு பேர் வீடு வீடாகப் போய், மாதம் மளிகைக்கு எவ்வளவு, எங்கே போய் வாங்குகிறார்கள், அதில் எவ்வளவு மொபைல் ஆப்புக்குப் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுக்குமாடியில் மட்டும் கேட்காதீர்கள், பின்னால் இருக்கிற சந்துகளிலும் கேளுங்கள், ஏனென்றால் கடையைத் தாங்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். எத்தனை ஃப்ளாட் விற்றது என்பதை விட்டுவிட்டு எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எண்ணுங்கள். முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிவைத்த வீடு அரிசி வாங்காது. அந்தத் தாளோடு போனால் பிராண்ட் கம்பெனியும் உட்கார்ந்து பேசும், நாலு தெரு தள்ளி நன்றாக ஓடுகிற அண்ணாச்சியும் ஒரு கிளை போடலாமா என்று யோசிப்பார். என்னைக் கேட்டால் இரண்டாவது ஆளிடம் முதலில் போங்கள்.

பில்டரிடம் கட்டடம் எழும்பும்போதே பேசிவிட வேண்டும். ரோட்டைப் பார்த்த ஷட்டர், குட்டி யானை வந்து சரக்கு இறக்க இடம், ஃப்ரீசர் போட த்ரீ ஃபேஸ் கரண்ட், இந்த மூன்றும் இல்லாமல் "கமர்ஷியல் ஸ்பேஸ்" என்று பலகை மாட்டினால் அது வருஷக்கணக்கில் பூட்டித்தான் கிடக்கும். காம்பவுண்டுக்குள்ளே, செக்யூரிட்டியைத் தாண்டிப் போகிற மாதிரி கடை வைத்தால் வெளியாள் ஒருத்தர்கூட வரமாட்டார்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். முடிந்ததும் கடை தருவதாக ஓனர் சொல்கிறார், ஆனால் வாடகை 8,000 இருந்தது 32,000 ஆகுமாம். நம்பிக் காலி செய்யலாமா? – வாசகர், வியாசர்பாடி

பதில்: வாய்வார்த்தையை நம்பிக் காலி செய்யாதீர்கள். நாளைக்கு 12,000 ரூபாய் வியாபாரம் என்று வையுங்கள், கொள்முதல் போக 10 சதவீதம் நின்றால் 1,200, மாதத்துக்கு 36,000. அதில் 32,000 வாடகை போனால் மிச்சம் 4,000, கரண்ட் பில்லும் பையன் சம்பளமும் எங்கிருந்து வரும்? உங்கள் நிஜக் கணக்கை இதே மாதிரி எழுதி ஓனரிடம் காட்டுங்கள். கடையின் அளவைக் குறைத்துக்கொண்டு வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள். 400 சதுர அடியில் நடத்தியதை 150-ல் நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் தரைத்தளத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாண்டி பஜார் நடைபாதைக்காரர்களை 2013-ல் மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றினார்கள், மேல்மாடிக்கு ஆள் ஏறி வருவதில்லை என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிற வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எந்தத் தளம், எத்தனை அடி, என்ன வாடகை, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், சாவி கையில் வரும் தேதி, எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சின்ன இடம் பிடியுங்கள், கடன் நோட்டில் இருக்கிற வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகக்கூடாது.

கேள்வி: அம்மா ரோட்டோரம் காய்கறி விற்கிறார். புதுக் கட்டடத்துக்காரர்கள் வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். – வாசகி, புளியந்தோப்பு

பதில்: பொதுச் சாலையில் அவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தெருவோர வியாபார விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய் அம்மா பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா, அடையாள அட்டை வந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் மனு எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.