படுத்துச் சுடுவோர் கேள்விகள்: மேகாத்தும் கிளிக் வியாதியும்

இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் புரோன், அதாவது ரைபிளைப் படுத்துச் சுடுவது, பற்றிய கேள்விகள்தான். ஆடி பிறந்தால் எனக்குக் கடிதங்கள் இப்படித்தான் வரும். காரணம் பொள்ளாச்சிக்காரருக்கான பதிலில் இருக்கிறது. எல்லாமே வலது கைக்காரர்களை நினைத்து எழுதியது; இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

என்.சி.சி. கேடட், கோபி: கேம்ப்ல இடது முழங்கை ரைபிளுக்கு நேர் கீழே இருக்கணும்னாங்க. கிளப்புல கொஞ்சம் வெளியே வைக்கச் சொல்றாங்க. எதுங்க சரி?

கிளப்பில் சொன்னது. கேம்பில் 25 கெஜத்தில் நாலைந்து தோட்டா சுடுவது வேறு, ஸ்லிங் (புஜத்தையும் ரைபிளையும் இணைக்கும் வார்) கட்டி 60 ஷாட் சுடுவது வேறு. முழங்கை சற்று இடப்புறம் விழட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. ரைபிள் உள்ளங்கையின் அடிப்பகுதியில் உட்கார வேண்டும், விரல்கள் சும்மா கிடக்க வேண்டும். தாழப் படுத்தால் ஆட்டம் குறையும் என்று முன்கையைச் சாய்த்துக்கொண்டே போகாதீர்கள். தரையிலிருந்து 30 டிகிரிக்குக் கீழே போனால் ஜூரி (போட்டி நடுவர்) வந்து நிற்பார்.

சேலம்: ஸ்லிங் போட்டு பத்து நிமிஷத்துல கை மரத்துப் போகுதுங்க. நாடித் துடிப்பும் சைட்ல (குறி பார்க்கிற கருவியில) தெரியுது.

இரண்டும் ஒரே வியாதி. ஸ்லிங் புஜத்தின் உட்புறத்தை அழுத்துகிறது; அங்கேதான் ரத்தக் குழாய் ஓடுகிறது. இழுவை கையின் வெளிப்புறத்திலிருந்து வருமாறு ஸ்லிங்கைத் திருப்பிவிட்டு, நன்றாக மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஜாக்கெட் மடிப்பு அடியில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். வலது முழங்காலை மடக்கிப் படுத்தால் நெஞ்சும் வயிறும் தரை விரிப்பில் அழுந்தாது, துடிப்பு பாதியாகும். கொஞ்சம் மரத்துப் போவது எல்லோருக்கும் உண்டு. நடுவில் ஸ்லிங்கைக் கழற்றி எழுந்திருங்கள். அதற்கு முன்னால் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) திறந்திருக்கட்டும், சேஃப்டி ஃபிளாக் (அறை காலி என்று காட்டும் கொடி) செருகியிருக்கட்டும்.

பவானி: குரூப் (ஷாட்டெல்லாம் விழற கூட்டம்) 12 மணியிலிருந்து 6 மணி வரைக்கும் நெட்டுக்குத்தா விழுது.

மூச்சு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறீர்கள்.

ஈரோடு: 600-க்கு 590-லயே நிக்கிறேன். 600 ஆக்க என்ன பண்ணணும்?

எந்த ரைபிள், எந்தத் தோட்டா, எத்தனை வருஷமாகச் சுடுகிறீர்கள், போகிற பத்துப் புள்ளியும் எந்தப் பக்கம் போகிறது? ஒன்றும் எழுதவில்லை. டார்கெட் போட்டோவாவது அனுப்பியிருக்கலாம். ஜோசியத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

பொள்ளாச்சி: குரூப் நல்லாத்தான் வருதுங்க. திடீர்னு ஒரு 8 புள்ளி ஷாட் வலப்பக்கம் போகுது. சைட் திருகுல ஒரு கிளிக் (ஒரு படி) திருப்பினா அடுத்தது இடப்பக்கம் போகுது. சைட் பழுதா? புதுசு வாங்கலாங்களா?

சைட்டை விட்டுவிடுங்கள், பாவம். கணவாய்க்கு எதிரே படுத்துக்கொண்டு காற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள்! ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்தை (மேற்குக் காற்றை) நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. உங்கள் தோட்டாவின் எடை இரண்டரை கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு 330 மீட்டர் போல. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பக்கக் காற்று அடித்தாலே 50 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிவிடும். நடு டென்னுக்கு (பத்துப் புள்ளி வளையத்துக்கு) போக வேண்டியது 9-இன் விளிம்பில் போய் விழும். வீச்சு இன்னும் கொஞ்சம் பலத்தால் உங்கள் 8. ரேஞ்ச் வடக்குப் பார்த்திருந்தால் மேகாத்து இடப்பக்கமிருந்து வரும். ஷாட் வலப்பக்கம், கொஞ்சம் கீழேயும் போகும்.

வீச்சில் ஒரு ஷாட் போகிறது. நீங்கள் கிளிக் திருப்புகிறீர்கள். அதற்குள் வீச்சு ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஷாட் இடப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்? லேனுக்குப் பின்னால் நின்று கவனித்திருக்கிறேன். சுட்டதும் கண் ஷாட் விழுந்த இடம் காட்டும் மானிட்டருக்குப் போகும், கை சைட் திருகுக்குப் போகும். மறுபடி மானிட்டர், மறுபடி திருகு. நடுவில் காற்றுக் கொடி படபடவென்று அடித்துக்கொள்ளும், அதை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. ஷாட்டுக்கு ஒரு கிளிக் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் தலையில் புது சைட் கட்டுகிற வியாபாரிகளைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம்.

அடிக்கடி திரும்பி வருகிற காற்று எது என்று சைட்டிங் நேரத்திலேயே (போட்டிக்கு முன் சுட்டுப் பார்க்கும் நேரம்) பார்த்துவையுங்கள். அந்தக் காற்றுக்கு மட்டும் ஜீரோ செய்யுங்கள், அதாவது ஷாட் நடுவில் விழும்படி சைட்டைத் திருத்திவையுங்கள். அது இருக்கும்போது சுடுங்கள், இல்லாதபோது ரைபிளைத் தோளிலிருந்து இறக்கிக் காத்திருங்கள். 60 ஷாட்டுக்கு 50 நிமிஷம் தருகிறார்கள், அதில் காத்திருக்கவும் நேரம் உண்டு.

கொடி அசையாதபோதும் ஷாட் பக்கவாட்டில் போகிறதா? அப்படியானால் நீங்கள் படுத்திருப்பதே கோணல். குறியில் அமர்ந்து கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறங்கள். சைட் டார்கெட்டை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்து வைக்காதீர்கள். இழுத்து வைத்த ரைபிள், டிரிகர் விழுந்த நொடியில் கயிறு அறுத்த கன்றுக்குட்டியாகத் தன் இடத்துக்கே ஓடும். இடது முழங்கையை ஊன்றியபடி இடுப்பை நகர்த்துங்கள். குழல் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடுப்பு இடப்பக்கம். ரைபிளைத் தாங்க எலும்பும் ஸ்லிங்கும் போதும், சதைக்கு அங்கே வேலையில்லை. இதை எத்தனை தடவை எழுதுவது?

திருப்பூர்: நம்மூர்ல தைக்காத துணியா? ஷூட்டிங் ஜாக்கெட்டை நாமளே தைச்சா ஆகாதுங்களா?

பழக்கத்துக்குத் தாராளமாகத் தையுங்கள். போட்டியில் அளப்பார்கள். ஒரு மடிப்பு 2.5 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது. விறைப்பு பார்க்கவும் கருவி வைத்திருக்கிறார்கள்.

ஒரு தகப்பனார், கரூர்: புரோனை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துட்டாங்களாமே. பையன் அதைப் பழகறது வீண்தானே?

ஆண்களுக்கான 50 மீட்டர் புரோன் 2016 ரியோவோடு போனது உண்மை. லண்டனில் நம் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்த போட்டி அது. ஆனால் த்ரீ பொசிஷனில் முட்டி போட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று மூன்றில் ஒரு பங்கு புரோன்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அதில். உலகப் போட்டிகளில் புரோன் இன்னும் தனியாகவும் இருக்கிறது; 2010-ல் தேஜஸ்வினி சாவந்த் உலகப் பட்டம் வென்றது புரோனில்தான். பையன் முதலில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் நிற்கப் பழகட்டும்.

தாராபுரம்: ஃபோர்சைட்ல (குழல் நுனியில இருக்கிற சைட்ல) சின்ன வளையம் போட்டா குறி கூர்மையாகுமா?

ஆகாது, கண்தான் களைக்கும். டார்கெட்டின் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள்.

மேட்டுப்பாளையம்: வீட்டு மொட்டை மாடியில டிரை ஃபயர் (தோட்டா இல்லாம டிரிகர் அழுத்திப் பழகறது) பண்ணலாமா?

டிரை ஃபயர் அவசியம் செய்யுங்கள், ஆனால் மொட்டை மாடியில் வேண்டாம். தெருவில் போகிறவருக்கு உங்கள் சேம்பர் (தோட்டா அறை) காலி என்று எப்படித் தெரியும்? யாராவது போலீஸுக்குப் போன் போட்டால் அப்புறம் லைசென்ஸைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதுதான். உள்ளே, சுவரைப் பார்த்துப் படுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பாயின்ட் டூ டூ (.22) ரைபிளை வெறும் சேம்பரோடு தட்டினால் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் இடிக்கும்; சுட்ட காலிக் கூடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், அதையும் அடிக்கடி மாற்றுங்கள். முடித்ததும் போல்ட் திறந்திருக்கட்டும், சேஃப்டி ஃபிளாக் செருகியிருக்கட்டும்.