பேரூராட்சிக் கூட்டம் சத்தத்திலேயே முடிகிறது என்று கேட்ட தலைவருக்கு

வணக்கம் சகோதரி. தெருவிளக்கு, குடிநீர் என்று முதல் ஒரு மணி நேரம் கூச்சலிலேயே போகிறது, பெண் உறுப்பினர்கள் வாயே திறப்பதில்லை, அவர்களுடைய கணவர்கள் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் கணவர்கள் விஷயம். 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது அவர்கள் பேசுவதற்காகத்தான். மன்றத்தில் உறுப்பினருக்குப் பதிலாக வேறு யாரும் பேச முடியாது. இதைக் கூட்டத்தில் வைத்துச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானம். முந்தின நாளே செயல் அலுவலர் மூலம் எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கோபம் இல்லை. வார்டு மக்களுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான். எரியாத விளக்கு, உடைந்த குழாய் எல்லாவற்றையும் மூன்று நாள் முன்பே எழுதி வாங்குங்கள். கூட்டம் தொடங்கியதும் செயல் அலுவலர் வார்டு வாரியாக வாசிக்கட்டும்: "4வது வார்டு, கோயில் தெரு, விளக்கு மாற்றியாச்சு." பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம் அஜெண்டா. வரவு செலவு, டெண்டர் போன்ற பணம் சம்பந்தப்பட்ட பொருள்களை முதலில் எடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் களைப்பில் "ஆல் பாஸ்" ஆகிவிடும், அது ஊருக்கு நல்லதல்ல. பேசும் வரிசை ஒரு மாதம் 1வது வார்டிலிருந்து, அடுத்த மாதம் கடைசி வார்டிலிருந்து. யாராவது குறுக்கிட்டால், "அவங்க முடிக்கட்டும் அண்ணே" என்று சொல்லி, பேசிக்கொண்டிருந்தவரையே பாருங்கள்.

தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதும் முன் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பவரின் பெயரும் அதில் பதிவாகட்டும்.