ஜெஃப் பெசோஸின் கொரு படகுக்குப் பின்னால் இன்னொரு கப்பலும் போவது ஏன்?

அமேசான் நிறுவனர் பெசோஸின் கொரு, நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம் கட்டி 2023-இல் கொடுத்த, சுமார் 127 மீட்டர் நீளப் பாய்மரச் சொகுசுப் படகு. கூடவே போகும் அபியோனா அதன் துணைக் கப்பல். சிறு படகுகள், சாமான்கள், கூடுதல் ஊழியர்கள் எல்லாம் அதில்தான்.

முக்கியக் காரணம் ஹெலிகாப்டர். கொருவில் உயரமான மூன்று பாய்மரங்களும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும் இருக்கின்றன. சுழலும் இறக்கையோடு அதற்குள் இறங்குவது ஆபத்து. அதனால் இறங்குதளம் அபியோனாவில். குடும்பம் காரிலும் மூட்டை முடிச்சு பின்னால் வேனிலும் போவது போலத்தான்; என்ன, இந்த ‘வேன்’ சுமார் 75 மீட்டர்!

பாய்மரப் படகு என்றால் எரிபொருளே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். கொருவிலும் என்ஜின்கள் உண்டு, அபியோனாவுக்கோ பாயே கிடையாது.