கம்பு சுற்றத் தெரிந்தால் போதுமா? சிலம்பம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மதுரைப் பக்கம் சிலம்பம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பயிற்சி, வாத்தியார், சான்றிதழ், தேர்ச்சி என்று பலர் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஊருக்கு ஊர், வாத்தியாருக்கு வாத்தியார் முறை மாறும். உங்கள் வாத்தியார் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவரிடம் பழகும்வரை அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

கேள்வி (எட்டு வயதுப் பையனின் அம்மா, திருப்பூர்): பையனைச் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் காலடிதான் போடுகிறான். பக்கத்துத் தெரு வகுப்பில் அவனோடு சேர்ந்த பிள்ளைகள் இரட்டைக்கம்பு சுற்றுகிறார்கள், தீப்பந்தம்கூட எடுத்துவிட்டார்கள். வகுப்பை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. நல்ல வாத்தியார் கிடைத்திருக்கிறார்.

பெரியவர்கள் எடுக்கும் கம்பு சுமார் ஐந்தரை அடி. அதன் நுனி எதிராளியைத் தொடுமா தொடாதா என்பது காலில் இருக்கிறது. ஒரு சாண் முன்னால் வைத்தால் அடி விழும், ஒரு சாண் பின்னால் வைத்தால் காற்றில் போகும். வரும் அடியிலிருந்து தப்பிப்பதும் காலால்தான். கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், கால் தப்பான இடத்தில் நின்றால் அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

ஒருநாள் பக்கத்தில் நின்று பையனின் காலடியைக் கவனியுங்கள். முன்கால் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். நகரும்போது தலை ஒரே மட்டத்தில் போக வேண்டும். தலை ஏறி இறங்கினால், உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சரியாக மாறவில்லை என்று அர்த்தம். நான் மண் தரையில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனதும் தரையைப் பார்ப்பேன். சரியாக வைத்த காலின் தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். தடுமாறிய காலின் தடம் இழுபட்டு, ஓரம் கலைந்து கிடக்கும். யார் வீட்டில் பழகினார்கள், யார் பழகவில்லை என்பதை அந்த மண்ணே சொல்லிவிடும்.

அதற்காக எட்டு வயதுப் பிள்ளையை மாதக்கணக்கில் வெறும் காலோடு நிறுத்திவைத்தால் சலித்துப்போவான், அதுவும் உண்மை. மணிக்கட்டுப் பழக்கத்துக்காகவாவது ஒரு சின்னப் பிரம்பு கொடுக்க முடியுமா என்று வாத்தியாரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். தீப்பந்தம் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பானை மேல் நின்று, ஆணிப் பலகை மேல் நின்று, மணிக்கணக்கில் நிறுத்தாமல் சுற்றுவதைச் சாதனை என்று பிள்ளைகளைச் செய்ய வைக்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. வளரும் பிள்ளையின் தோள்பட்டையும் மணிக்கட்டும் அதற்காகப் படைக்கப்பட்டவை இல்லை. சிலம்பத்தில் அப்படி ஒரு பாடமும் கிடையாது.

கேள்வி (38 வயது, ஐ.டி. வேலை, சென்னை): அண்ணா, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. முட்டி வலி வேறு. இந்த வயதில் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம் தம்பி. முதலில் முட்டியை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தாழ்ந்து உட்கார்ந்து எழும் வரிசைகளை, அதாவது அந்த அசைவுத் தொடர்களை, விட்டுவிட்டு, நின்ற வீச்சுகளில் தொடங்குங்கள். மூங்கில் வேண்டாம், எடை குறைந்த பிரம்பு போதும். சிமெண்டுத் தரையில் குதிக்காதீர்கள், மண் தரையைத் தேடுங்கள். போட்டிக்குப் போகும் வயது தாண்டிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். என்னிடம் நாற்பதுக்கு மேல் வந்தவர்கள், பிள்ளைகளைவிடக் கவனமாகப் பழகியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்): கராத்தேயில் பெல்ட் இருக்கிறதே, சிலம்பத்தில் ஏன் இல்லை? வேலைக்குச் சான்றிதழ் உதவுமா?

பதில்: பெல்ட் முறை ஜப்பானில் பிறந்தது. 1882-ல் கோடோகான் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோதான் தரவரிசையையும் கருப்புப் பட்டையையும் கொண்டுவந்தார். 1924-ல் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டார். அங்கேயே அது நவீன காலத்து ஏற்பாடுதான். இப்போது நம் ஊரில் சில சங்கங்கள் சிலம்பத்துக்கும் பெல்ட் கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஓர் உற்சாகம் என்ற அளவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தேர்வுக் கட்டணத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் மாற்றுகிற இடம் என்றால் விலகிவிடுங்கள்.

வேலை விஷயம்: தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. எந்தச் சங்கம், எந்த நிலைப் போட்டி என்று விதி உண்டு. பணம் கட்டிப் போட்டிக்குப் போவதற்கு முன் உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சங்கத்துக்காரர்கள் வாயால் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி (பத்து வருடமாகப் பழகுபவர், திண்டுக்கல்): வாத்தியாரே, எல்லா வரிசையும் முடித்துவிட்டேன். நெடுங்கம்பு, இரட்டைக்கம்பு, மான்கொம்பு, சுருள்வாள் எல்லாம் வரும். தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று எப்போது சொல்லிக்கொள்ளலாம்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே மற்ற பதில்களைச் சுருக்கமாக எழுதினேன்.

ஆயுதங்களின் எண்ணிக்கையையும் வருடங்களையும் விட்டுவிடுங்கள். நான் முதலில் பார்ப்பது, அடியை நிறுத்த முடிகிறதா என்பது. முழு வேகத்தில் இறங்கும் கம்பு எதிராளியின் நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்க வேண்டும். நின்ற பிறகு நுனி ஆடக் கூடாது. பழைய ஆட்டங்களில் கம்பு நுனியில் வண்ணப் பொடியைக் குழைத்துத் தடவி ஆடுவார்கள். உடம்பில் எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் அடையாளம் விழும். நெற்றியில் பொட்டு வைத்தவன் ஜெயித்தான். மண்டையைப் பிளக்க முரட்டுப் பலம் போதும். ஆடிக்கொண்டிருப்பவனின் நெற்றியில், அவனுக்கு வலிக்காமல் பொட்டு வைக்க வேண்டுமானால் கண், கால், மணிக்கட்டு மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். இன்றைய தொடுமுறைப் போட்டியிலும் தொட்டால்தான் புள்ளி, ஓங்கி அடித்தால் இல்லை. விதி எழுதியவர்கள் அந்தப் பழைய நியாயத்தை விடவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

அடுத்தது, எதிராளியின் கம்பைப் பார்க்காமல் இருக்க முடிகிறதா? சுற்றும் கம்பின் நுனியைக் கண்ணால் தொடர முடியாது. அடி கிளம்புவதற்கு முன் தோள் அசையும், அதற்கும் முன்னால் பின்காலில் எடை ஏறும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவசரமே இருக்காது. ஒரு திருவிழாவில் எழுபது வயதைத் தாண்டிய வாத்தியார் ஒருவர், மூன்றடிச் செடிக்குச்சியோடு ஒரு வாலிபனின் நெடுங்கம்புக்கு எதிரே நின்றதைப் பார்த்தேன். பையன் படு வேகம். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டியவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். பையன் பெருவீச்சுக்காகப் பின்காலை ஊன்றிய அந்தக் கணத்தில் ஒரே எட்டு உள்ளே வந்து, குச்சியை அவன் முன்கை மேல் வைத்துவிட்டார். அடிக்கவில்லை, வைத்தார். உள்ளே வந்துவிட்ட ஆளிடம் நெடுங்கம்பு என்ன செய்யும்? பையன் மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் குச்சி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் பையனைத் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், அவன் பின்காலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசிக் காரியத்தையும் நான் தேர்ச்சியில் சேர்ப்பேன். தனக்கு வருவது வேறு, அது ஏன் வருகிறது என்று தெரிந்து இன்னொருவனுக்கு வரவைப்பது வேறு. இடது கைப் பழக்கக்காரன், குட்டையானவன், பயந்த பிள்ளை என்று யார் வந்தாலும், ஒரே பாடத்தை அவரவர் உடம்புக்கு ஏற்ப மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். உங்களுக்கு என் யோசனை இது: புது ஆயுதம் எதையும் தொடாமல் ஒரு வருடம், வாத்தியாரிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக்கொடுங்கள். உங்கள் காலடியில் எது ஓட்டை என்று அப்போது தெரியும்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்): பெண்பிள்ளைக்கு எதற்குக் கம்பு என்று வீட்டில் சொல்கிறார்கள், ஐயா.

பதில்: கேரளத்தில் வடகரா மீனாட்சியம்மா என்று ஒருவர். ஏழு வயதில் களரியில் இறங்கியவர். எழுபது வயதைத் தாண்டியும் வாளெடுத்து ஆடி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, 2017-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டிகளின் சின்னமே வேலு நாச்சியாரை வைத்து வரைந்த ‘வீரமங்கை’தான். வீட்டில் இதையெல்லாம் காட்டு அம்மா. அதோடு அம்மாவையோ அப்பாவையோ ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப்போய் உட்கார வை. நான் பார்த்தவரை, அப்படி வந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் பிறகு தடுப்பதில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வர்மத்தில் ஒரே விரலால் ஆளைச் சாய்க்கலாமாமே? எங்கே கற்கலாம்?

பதில்: வர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் ஆபத்தாகும் உயிர்நிலைப் புள்ளிகள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான்மார் அடிமுறை என்ற சண்டைக்கலையையும் வர்ம வைத்தியத்தையும் ஒருசேரக் காத்து வருகிறார்கள். கழுத்து, நெற்றிப்பொட்டு, நெஞ்சுக்குழி போன்ற இடங்களில் பலமாக அடிபட்டால் ஆபத்து என்பதில் சந்தேகம் இல்லை. படங்களில் காட்டுவதுபோல் தூரத்தில் நின்று விரலை நீட்டினால் ஆள் விழுவான் என்பதை நம்பாதீர்கள்.

பொறுப்புள்ள ஆசான், எங்கே அடிப்பது என்பதற்கு முன்னால் இளக்குமுறையை, அதாவது அடிபட்டவனை மீட்கும் முறையை, சொல்லிக்கொடுப்பார். அடிபட்டவனை மீட்கத் தெரியாதவனுக்கு அடி எதற்கு? அதனால்தான் ஒரு சீடனின் குணத்தை வருடக்கணக்கில் பார்த்த பிறகே வர்மத்தைத் திறப்பார்கள். ‘ஆளைச் சாய்க்க’ என்று கேட்டுப் போனால், உண்மையான ஆசான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். வைத்தியத்துக்காகப் போங்கள், கதவு திறக்கும்.

கேள்வி (ஆசிரியர், காஞ்சிபுரம்): போதிதர்மர் இங்கிருந்து போய்த்தான் ஷாவோலினில் சண்டைக்கலையைத் தொடங்கினார் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: வரலாறு என்று சொல்லாதீர்கள் சார், கதை என்று சொல்லலாம். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் சண்டைக்கலைப் பேச்சே இல்லை. ஷாவோலின் பயிற்சியை அவரோடு சேர்க்கும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது அவர் வாழ்ந்து ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வந்தது. சிலம்பத்தின் பெருமைக்குச் சீனாவிலிருந்து சாட்சி தேவையில்லை என்பது என் எண்ணம். மலேசியத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோய் வளர்த்த சிலம்பம் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி (இரவுப் பணி செய்பவர், கோவை): தெருவில் யாராவது மறித்தால் சிலம்பம் உதவுமா?

பதில்: கத்தியோடு மறித்தால் கைபேசியைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேருங்கள். மற்றபடி, ஆள் எவ்வளவு தூரத்தில் நின்றால் ஆபத்து என்ற கணக்கு உடம்பில் ஏறிவிடும். அது உதவும்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்தவர், சேலம்): எந்தக் கம்பு வாங்குவது?

பதில்: தரையில் ஊன்றினால் உங்கள் புருவ மட்டத்துக்கு வர வேண்டும். தொடங்குகிறவருக்குப் பிரம்பு, பிறகு கல்மூங்கில். மூங்கிலில் கணு நெருக்கமாக இருக்கிறதா, கணுக்கள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். லேசாகத் தரையில் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சரசரத்தால் உள்ளே கீறல் இருக்கிறது. நுனி பிளக்காமல் இருக்கப் பூண் போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஜோடி ஆட்டத்தில் பூண் போட்ட கம்பு வேண்டாம்.

கேள்வி (விவசாயி, சிவகங்கை): எங்கள் வாத்தியார் போன வருடம் காலமாகிவிட்டார். பாதி வரிசைதான் எனக்குத் தெரியும். ஊரில் வேறு யாரும் இல்லை. விட்டுவிடுவதா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அவரிடம் பழகிய மற்றவர்கள் இருப்பார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். ஒவ்வொருவராகத் தேடிப் பிடியுங்கள். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ எப்படியும் வருவார்கள். அப்போது எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுங்கள். தொடக்க வணக்கமான சலாம் வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் எது தெரியுமோ அதைச் செய்யச் சொல்லிக் கைபேசியில் படம் பிடியுங்கள். முகத்தையும் கம்பையும் எடுப்பது போதாது, கால் முழுவதும் தெரிய வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். ஒரே வரிசையை இருவர் வேறு மாதிரி செய்தால் சண்டை போட வேண்டாம், இரண்டையும் எடுத்து வையுங்கள். வாத்தியார் ஆளுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லியிருப்பார். படம் எடுத்த பிறகு, வேறு ஊர் வாத்தியாரிடம் போய் அவர் முறையைப் பழகினாலும் தவறில்லை, உங்கள் வாத்தியார் பெயரைச் சொல்லியே சேருங்கள். நீங்கள் சிவகங்கையில் எந்தப் பக்கம் என்று எழுதினால், அங்கே பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.